சென்னையில் ஒரு பெண்ணின் உரிமைக்குச் சட்டவழியில் துணை நிற்பது எப்படி?

மகளுக்கும் மகனுக்கும் இந்துக் குடும்பச் சொத்தில் சம உரிமை உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டமாக இருக்கிறது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் மத்தியச் சட்டம் 2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. கடைகளில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் சட்டப்பேரவை சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனாலும் அண்ணனுக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பும் தங்கைகளும், மேற்பார்வையாளரின் தொல்லையைப் பொறுக்க முடியாமல் காரணம் சொல்லாமலேயே வேலையை விட்டு நின்றுவிடும் பெண்களும் இந்த நகரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் உரிமையைக் கேட்கவே செய்தார்கள். வாய்மொழியாகக் கேட்டார்கள், அல்லது தீர்க்கும் அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டார்கள், அல்லது காலக்கெடு முடிந்த பிறகு கேட்டார்கள்.

இந்த மூன்று குறைகளையும் சரிசெய்ய வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருப்பவர், சுய உதவிக் குழுவை நடத்துபவர், தொழிற்சங்க உறுப்பினர், சட்டக் கல்லூரி மாணவர், பக்கத்து வீட்டு அக்கா என யார் வேண்டுமானாலும் செய்யலாம். வழக்கறிஞரின் வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அதைப் பொறுமையாகவும் ஒழுங்காகவும் செய்ய விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேட்பதும் எழுதுவதும்

உதவி கேட்டு வரும் பெண் பெரும்பாலும் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லமாட்டார். மிகவும் வலித்தது முதலில் வரும், மற்றவை சிதறிச் சிதறி வரும். அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டு ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டாவது முறை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதிகளைக் குறியுங்கள். தேதி நினைவில் இல்லை என்பார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரமா, தீபாவளி போனஸ் கொடுத்ததற்கு முன்பா பின்பா, சம்பளம் போட்ட மறுநாளா, பிள்ளைக்குப் பள்ளித் தேர்வு நடந்த நாளா என்று கேட்டுப் பாருங்கள். தேதி பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

புகார் மனுவில் 'மேலாளர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்' என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் விசாரிக்க முடியாது. அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'இம்மாதம் 4ஆம் தேதி இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு, கடை மூடும் நேரத்தில், இரண்டாம் மாடியில் உள்ள சரக்கு அறையில் நான் புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, தளப் பொறுப்பாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார், என் தோளில் கை வைத்தார், நான் விலகியபோது, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்றார், நான் வெளியே ஓடி வந்ததைப் படிக்கட்டருகே நின்ற பில் பிரிவு ஊழியர் பார்த்தார்.' இடம், நேரம், செயல், சொல், சாட்சி ஆகிய ஐந்தும் இதில் இருக்கின்றன. அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதுவது முக்கியம். நாகரிகம் கருதி மெருகேற்றி எழுதப்பட்ட மனு விசாரணையில் வலுவிழக்கும்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்குத் தொல்லை கொடுத்தவர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டால் போதும். இன்னொருவருக்குத் தண்டனை வேண்டும். மற்றொருவருக்கு நிலுவைச் சம்பளத்துடன் கௌரவமாக வெளியேற வேண்டும். உங்கள் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முடிவு அவருடையது. அவர் பெயரையும் நடந்ததையும் மூன்றாவது மனிதரிடம் அவர் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. பணியிடப் புகார்களில் இந்த இரகசியத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவே கட்டாயமாக்கியிருக்கிறது.

மனுவை எழுதியாயிற்று என்றால் அதன் நகலில் ஒப்புதல் வாங்குவது அடுத்த வேலை. எந்த அலுவலகமானாலும் இரண்டு பிரதிகளுடன் செல்லுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரை, தேதி, பெற்றுக்கொண்டவரின் சுருக்கொப்பம் மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். வாங்க மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். அன்றே ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, ரசீதையும் விநியோக விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள். தனியார் நிறுவனமென்றால் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

பணியிடத்தில் துன்புறுத்தல்

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அரசுப் பணியில் இருந்த பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்த நெறிகள் சட்டமாக மாற மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. ஒரு நிறுவனத்துக்குத் தியாகராய நகரிலும் புரசைவாக்கத்திலும் வேளச்சேரியிலும் கிளைகள் இருந்தால், தலைமை அலுவலகத்தில் மட்டும் குழு இருந்தால் போதாது. கிளைதோறும் இருக்க வேண்டும். குழுவின் தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுக வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதுவே வழி. அண்ணா நகரிலோ அடையாற்றிலோ நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு குழு இருக்கிறது என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. மனுவை அங்கே கொடுக்கலாம். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தின் வழியாகவும் பதிவு செய்யலாம்.

காலக்கெடு மூன்று மாதம். தொடர்ச்சியாக நடந்த தொல்லையென்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். அதற்குமேல் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே உங்களிடம் ஒருவர் வந்தவுடன் முதலில் கணக்கிட வேண்டியது இந்த நாட்களைத்தான். மனுவை ஆறு பிரதிகளாக, சாட்சிகளின் பெயர் முகவரியோடும் ஆதாரங்களோடும் தர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுத்து உதவுவது குழுத் தலைவரின் சட்டக் கடமை. அவரால் நேரில் புகார் தர முடியாத நிலையில், நடந்ததை அறிந்த வேறொருவர் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு புகார் தரவும் விதிகள் இடமளிக்கின்றன.

ஆதாரம் பற்றி இரண்டு செய்திகள். வாட்ஸ்அப் உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்தச் செய்திகள் உள்ள கைப்பேசியை அழிக்காமல், விற்காமல், அப்படியே பாதுகாக்கச் சொல்லுங்கள். பின்னாளில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணு ஆவணத்துக்குரிய சான்றுடன் மூலக் கருவியும் தேவைப்படலாம். கண்காணிப்புக் கேமரா பதிவுகளோ சில நாட்களில் தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும். 'இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன கேமராவின் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்' என்று சம்பவம் தெரிந்த அன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகும் பதிவு அழிந்துபோனால், அழிந்ததற்கு அவர்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

விசாரணை தொடங்கியபின் எதிர்த்தரப்புக்குப் பத்து வேலைநாட்களில் பதில் தரும் வாய்ப்பு உண்டு. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்; அறிக்கை பத்து நாட்களில் தரப்பட வேண்டும்; நிறுவனம் 60 நாட்களுக்குள் செயல்பட வேண்டும். இதற்கிடையில் அந்தப் பெண் அதே ஆளின் கீழ் வேலை செய்யும்படி விடுவது கொடுமை. இடமாற்றமோ, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போ பரிந்துரைக்கக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதைப் புகார்தாரர் எழுதிக் கேட்க வேண்டும். முதல் மனுவிலேயே ஒரு பத்தியாக இதைச் சேர்த்துவிடுவது நல்லது. குழுவின் முன் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வர முடியாது. எனவே முந்தின நாள் மாலை அவரோடு உட்கார்ந்து, மனுவை உரக்கப் படித்து, கேட்கப்படக் கூடிய கேள்விகளுக்கு அவரைத் தயார்ப்படுத்துங்கள். தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு அவர் வராவிட்டால் விசாரணையை முடிக்கவோ அவரில்லாமலே முடிவெடுக்கவோ குழுவுக்கு அதிகாரம் உண்டு என்பதால், உடல்நிலை சரியில்லையென்றால் அதையும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

சமரசம் என்ற பேச்சு எப்படியும் வரும். அவர் விரும்பிக் கேட்டால் மட்டுமே சமரசம், அதுவும் பணத்தின் அடிப்படையில் கூடாது என்பது சட்டம். 'நிரூபிக்க முடியாவிட்டால் உன் மீதே நடவடிக்கை வரும்' என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க இயலாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று 14ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். என் பார்வையில், இந்த நகரத்தின் பணியிடப் புகார்களில் நடக்கும் பெரிய இழப்பு அந்த ஒற்றைத் தாளில்தான் நிகழ்கிறது.

குழு விசாரிப்பது குற்றவியல் வழக்குக்குத் தடையாகாது. காவல் நிலையத்திலும் புகார் தர விரும்பினால், முதலாளி அதற்கு உதவ வேண்டும் என்பதும் சட்டம். 1998இல் எழும்பூரில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்கால் உயிரிழந்ததை அடுத்து இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் பேருந்திலும் தெருவிலும் கடையிலும் நடக்கும் தொல்லைகளுக்குப் பொருந்தும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தவுடன் மனு ஏற்புச் சான்று, அதாவது சி.எஸ்.ஆர். ரசீது, கேட்டு வாங்குங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்

ஒருவருக்காகப் போராடும்போது அதே குறை இன்னும் பலருக்கு இருப்பது தெரியவரும். கடை ஊழியர் இருக்கை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, வேலைக்கிடையே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது ஊழியர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கைகள் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை. ஆனால் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிப் போகிறவர்களில் மிகப் பலர் பெண்கள். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் அந்த நிற்றல் என்ன செய்யும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தனி ஊழியர் ஒருவர் கேட்டால் வேலை போகும் அபாயம் இருப்பதால், சங்கத்தின் பெயரில் தொழிலாளர் துறைக்கு மனு கொடுப்பது பாதுகாப்பு. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தக் கடை, எந்தத் தளம், எத்தனை ஊழியர்கள், எத்தனை இருக்கைகள் என்று மனுவில் இருந்தால் ஆய்வாளர் வந்து பார்க்காமல் இருப்பது கடினம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இதோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். 'ஏன்' என்று கேட்காமல், ஆவணத்தைக் கேளுங்கள். 'சென்னை மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவை அமைத்த ஆணையின் நகல், கடந்த மூன்று ஆண்டுகளில் அக்குழு பெற்ற புகார்களின் எண்ணிக்கை, முடித்தவற்றின் எண்ணிக்கை, நிறுவனங்கள் அனுப்பிய ஆண்டறிக்கைகளின் எண்ணிக்கை' என்று கேட்டால் எண்ணிலும் நகலிலும் பதில் வந்தாக வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

அதிகாரி தன் கடமையைச் செய்யும்படி ஆணையிடக் கோரி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்ய வேண்டிய நிலை வந்தால், வழக்கறிஞர் உங்களிடம் கேட்கும் முதல் தாள் நீங்கள் அந்த அதிகாரிக்குக் கொடுத்த கோரிக்கை மனுவின் ஒப்புதல் நகல்தான். கோராததைச் செய்யும்படி நீதிமன்றம் பொதுவாக ஓர் அதிகாரிக்கு ஆணையிடாது. தனியார் நிறுவனத்தை நேரடியாகப் பேராணைக்குள் கொண்டுவருவது கடினம் என்பதால், அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறிய அதிகாரியை நோக்கியே மனு அமையும்.

அதிகாரி மறுத்தாரென்றால் மறுப்பை எழுத்தில் வாங்குவது இன்னும் சிறப்பு. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யப் பதிவுத் துறை அதிகாரிகள் மறுத்தபோது, அந்த எழுத்துபூர்வ மறுப்பையே எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. திருநங்கையான கே. பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்று 2015இல் வெற்றி பெற்றதும், நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் விடாமல் கேட்டதால்தான். 'சார் பிறகு பார்க்கலாம் என்றார்' என்ற வாய்ச்சொல்லை வைத்து எந்த நீதிபதியாலும் எதுவும் செய்ய முடியாது.

வீட்டுக்குள் வன்முறை

இதைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. துணை நிற்பவருக்கு மிகவும் தேவையானதை மட்டும் சொல்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தால் அவர் மீது எந்தப் பொறுப்பும் வராது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அடியின் தடம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உடனே காட்டி, காயத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 'இது என் வீடு, வெளியே போ' என்று மாமியார் சொல்வதால் மட்டும் மருமகள் வெளியேற வேண்டியதில்லை. மாமனார் பெயரில் உள்ள வீடும், மருமகளுக்கு வசிக்கும் உரிமையுள்ள 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்துள்ளது. பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பணநிவாரணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். வெளியேறியே ஆக வேண்டிய நிலையில் ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகைக்கடை ரசீதுகள் ஆகியவை அவர் கையோடு வர வேண்டும்.

சொத்தில் பங்கு

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டில் 1929இல் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுச் சட்டம், அந்த மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகள்களை விட்டுவிட்டது. மத்திய அரசின் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 அன்று அந்த வேறுபாட்டை நீக்கி, மகள் பிறப்பாலேயே மகனைப் போல் பங்குரிமையாளர் என்றது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்த பாகப்பிரிவினையைப் பொதுவாகத் திறக்க முடியாது. 'அப்போதே வாய்ச்சொல்லாகப் பிரித்துக்கொண்டோம்' என்ற கதையை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

இது இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்துக்கு. தந்தை தானே சம்பாதித்து வாங்கிய வீட்டை அவர் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சம பங்கு. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் பிள்ளைகளிடையே ஆண் பெண் பேதம் கிடையாது. இஸ்லாமியர்களுக்குப் பங்கு விகிதம் அவர்களுடைய தனிச் சட்டப்படி வேறுபடும். ஆனால் மகளுக்குரிய பங்கு அங்கும் நிச்சயமானது.

உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது வழக்குக்கு முன்பே, விடுதலைப் பத்திரம் எழுதும் நாளில். தந்தையின் காரியம் முடிந்த சில வாரங்களில், 'பட்டா மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும்' என்று தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஆவண எழுத்தர் நீட்டும் தாளில் முதல் பக்கம் முத்திரைத்தாள். அதன் நடுவில் 'எனக்குரிய பிரிபடாத பாகத்தை விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால்' என்று தொடங்கும் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். எந்தத் தாளானாலும் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். விடுதலை, தானம், செட்டில்மெண்ட், பொது அதிகாரம் ஆகிய சொற்களில் ஏதேனும் இருந்தால் அன்று கையெழுத்து வேண்டாம். பதிவாகிவிட்ட பத்திரத்தை ஏமாற்று என்று சொல்லி ரத்து செய்ய, ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு, ஏமாற்றை நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கு எந்த வழக்கும் தேவையில்லை. மனமுவந்து அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவர் உரிமை; ஆனால் தான் விட்டுக்கொடுப்பது எவ்வளவு மதிப்புள்ளது என்பது தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

'சீர் செய்தோம், நகை போட்டோம், அதிலேயே உன் பங்கு முடிந்தது' என்ற வாதம் எல்லா வீட்டிலும் எழும். திருமணச் செலவு மகளின் வாரிசுரிமையை அழித்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மகனுடைய படிப்புக்கும் தொழிலுக்கும் செய்த செலவை யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை என்பதையும் அந்தக் கூடத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆவணங்களைத் திரட்டும் வரிசை இது. முதலில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ்; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மணமாகிச் சென்ற மகளின் பெயரை விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்குவது வழக்கமாக நடக்கும் மோசடி. அப்படி நடந்திருந்தால் வட்டாட்சியருக்கு ஆட்சேபணையும், தேவைப்பட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும் செய்ய வேண்டும். அடுத்து, பதிவுத் துறை இணையதளத்தில் சொத்தின் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சொத்து யார் பெயரில் எப்போது வந்தது, அண்மையில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். அதிலுள்ள ஆவண எண்ணைக் கொண்டு சான்றிட்ட நகல் வாங்கலாம். மூலப்பத்திரம் அண்ணன் பீரோவில் இருக்கிறது என்பதால் வழக்கு நின்றுவிடாது.

பிறகு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு. பல குடும்பங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுகின்றன. பேசி முடித்தால் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்துவிட வேண்டும், வெள்ளைத்தாள் ஒப்பந்தம் கூடாது. பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு. சொத்தை விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால் வழக்கோடு இடைக்காலத் தடையும் கோர வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்வது ஒரு பாதுகாப்பு. 'உனக்குப் பங்கில்லை' என்று விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் காலவரம்பு என்பதால், அந்தப் பேச்சு எப்போது, யார் முன்னால் நடந்தது என்பதை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் முதலிலேயே குறித்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. சென்னையில் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாநில, மாவட்ட ஆணைக்குழு அலுவலகங்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் சரியாகக் கவனிக்கவில்லையென்றால் மாற்றித் தரும்படி அதே அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான். ஆகவே அவருக்குச் சம பங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். எல்லா வழக்குக்கும் அது அப்படியே பொருந்திவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் எத்தனை ஆண்டுகள், என்னென்ன பொறுப்புகள், எந்த நகையை எப்போது அடகு வைத்துக் கொடுத்தது என்பதற்கான அடகு ரசீதுகளையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் இன்றே ஒரு கோப்பில் சேர்க்க அது போதுமான காரணம்.

பாகப்பிரிவினை வழக்கில் முதலில் கிடைப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. எடுத்துக்காட்டாக, மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று அது அறிவிக்கும். வீட்டின் எந்தப் பகுதி என்று சொல்லாது. வெற்றி கிடைத்துவிட்டது என்று இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பாணை வரும்வரை வழக்கைத் தொடர்ந்து நடத்த வேண்டும். ஆணையர் வந்து அளந்து, பிரிக்க முடிந்தால் பிரித்தும், முடியாதபோது விற்றுப் பணமாகப் பங்கிடும்படியும் அறிக்கை தருவார். இறுதி ஆணை முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். அதன் சான்றிட்ட நகலைக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவிலும், மாநகராட்சியில் சொத்துவரியிலும், குடிநீர் வாரியத்திலும், மின்வாரியத்திலும் அவர் பெயரை ஏற்றச் செய்து, முதல் சொத்துவரி ரசீது அவர் பெயரில் வரும்வரை உடன் செல்லுங்கள்.